முதலில் ஊகம், அப்புறம்தான் ரன்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் முதலாமாண்டு மாணவர்களுக்கு பைத்தான்ங்கிற கணினி மொழியை நடத்துறவங்களுக்கு: போர்டில் இருக்கும் நிரலை அப்படியே காப்பி பண்ண வைப்பது டைப்பிங் வகுப்புதான்.

வாய்க்கால் முறையையே கணக்கா எடுங்க. 1ஆம் தேதி முதல் 5ஆம் தேதி வரை மடை திறப்பு, தேதிகளை அச்சிடணும். ஃபார் லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) ரேஞ்ச்(1, 5) போட்டுக் காட்டுங்க. ரன் பண்ணாதீங்க. என்ன வரும்னு 2 நிமிஷம் தனித்தனியா நோட்டில் எழுதட்டும். நிறைய பேர் 5 வரைன்னு எழுதுவாங்க. வருவது 1, 2, 3, 4தான்; ரேஞ்ச் கடைசி எண்ணுக்கு முன்னாடியே நின்னுடும். கடைசி நாள் கடைமடைக்குத் தண்ணி இல்லை! ரேஞ்ச்(1, 6) வேணும்.

எழுதினதும் 4 விடைகளைக் கொடுத்து, எத்தனையாவது சரின்னு அத்தனை விரலை நெஞ்சோடு வெச்சுக் காட்டச் சொல்லுங்க. கையை உயர்த்தினா முன்பெஞ்சைப் பார்த்துத்தான் மத்தவங்களும் தூக்குவாங்க. 30 முதல் 70 சதவீதம் பேர் சரின்னா பக்கத்தில் இருப்பவரோட 3 நிமிஷம் வாதாட விட்டு, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்க. 30க்குக் கீழேன்னா பேசிப் பிரயோஜனமில்லை, திரும்ப நடத்துங்க. ஹார்வர்டில் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் இயற்பியல் வகுப்பில் ஆரம்பிச்ச முறை இது.

லேபில் சிஸ்டத்துக்கு 2 பேர். 10 நிமிஷத்துக்கு ஒருமுறை கீபோர்டு கைமாறணும். இல்லைன்னா வேகமா டைப் அடிக்கிறவரே ஓட்டுவார், இன்னொருத்தர் வேடிக்கை.

கரண்ட் போச்சா? 8 வரி நிரலைத் தாளில் எழுதி, வரிவரியாச் சீட்டா வெட்டிக் கலைச்சுக் கொடுங்க. வரிசையோட, எந்த வரி எவ்வளவு உள்ளே தள்ளணும்னும் அடுக்கட்டும். பிரின்ட் (அச்சிடும் கட்டளை) லூப்புக்கு உள்ளேயா வெளியேயான்னு அப்பத்தான் சண்டை வரும்.