அப்பா வாங்கித் தந்த டார்ச்

1994-இல் நான் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. கடலாமை பார்க்க இரவு நடை போகிறோம் என்று எங்கள் விலங்கியல் சார் அறிவித்ததும் எங்கள் வீட்டில் ஒப்பவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பி விடியும்வரை பெண்பிள்ளை கடற்கரையில் நடப்பதா? மறுநாள் மாலை சார் மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "என் பொண்ணும் வர்றா சார்" என்று அப்பாவிடம் ஒரே வரிதான் சொன்னார். அப்பா எனக்கு டார்ச் வாங்கித் தந்தார்.

அதைப் போடவே சார் விடவில்லை. வெளிச்சம் கண்டால் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் இருட்டிலேயே நடந்தோம். 1988-இல் மாணவர்களே தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் முன்னால் போனார்கள். கொட்டிவாக்கம் தாண்டியதும் மணலில் தடம் தெரிந்தது. டிராக்டர் ஏறி இறங்கினது போல இரண்டு வரிசை. ஆமை போய்விட்டிருந்தது. அது உடம்பால் தட்டி இறுக்கிய மணலில் ஒரு குச்சியை மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். சட்டென்று இளகும் இடம்தான் குழி.

"கையை விடும்மா" என்றார் சார். தோள் மணலில் படப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். ஒன்றரை அடி ஆழம் இருக்கும். வாய் குறுகி, அடி அகன்று, அச்சாக நம் வீட்டு மண்குடம். பின்துடுப்பு இரண்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல் தோண்டிய குடம் அது! 'குடுவை வடிவக் கூடு' என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதன் ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

நாய்க்கும் முட்டை திருடுபவர்களுக்கும் பயந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது வழக்கம். புரட்டாமல் எடுக்க வேண்டும். கரு ஓட்டில் ஒட்டிய பிறகு புரண்டால் பிழைக்காது. நான் 112 எண்ணினேன், தோழி 114 என்றாள். "திரும்ப எண்ணுங்க. போட்டது எத்தனைன்னு தெரியாம, பொரிச்சது எத்தனைன்னு சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் சார். 114தான். அப்புறம் அதே ஆழத்தில், அதே குட வடிவில் குழி தோண்டச் சொன்னார். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். அரை அடி தப்பினாலும் அந்தக் கணக்கு மாறும் என்றபோது என் கை நடுங்கியது.

செத்து ஒதுங்கிய ஆமைகளையும் அளந்தோம். ஆமை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகிறது. நாங்கள் கோபப்பட்டோம். சார் மறுவாரமே எங்களைக் குப்பத்துக்குக் கூட்டிப்போய், ஒரு மீனவப் பெரியவர் முன்னால் உட்காரவைத்து, முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள் என்றார். நாங்கள் பார்த்த ஆலிவ் ரிட்லி ஆமைக்குப் 'பங்குனி ஆமை' என்ற பெயரை நான் கேட்டது அவர் வாயால்தான்.

48-ஆம் நாள் குஞ்சுகள் மேலே வந்தன. அன்று சார் டார்ச் கேட்டார். குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஓடும். எங்களுக்குப் பின்னால் ஊர் முழுக்க விளக்கு. அலை ஓரமாக நின்று கரைப்பக்கம் டார்ச் அடித்தேன். 101 குஞ்சுகள் என் பாதத்தைத் தாண்டிக் கடலுக்குள் போயின.

இப்போது டொராண்டோவில் நானும் உயிரியல் கற்பிக்கிறேன். முதல் வகுப்பை ஆற்றங்கரையில்தான் வைக்கிறேன். தை மாதம் சென்னை வருகிறேன். எங்கள் கல்லூரி விலங்கியல் துறை மாணவர்களோடு நடக்க சாரையும் அழைத்திருக்கிறேன். முழங்கால் வலியாம், கொட்டிவாக்கம் வரை வருகிறேன் என்றிருக்கிறார்.