கர்ணப்பிரயாகையில் வெயிலுக்குக் காத்திருந்தோம்

கர்ணப்பிரயாகைக்குப் போகவேண்டும் என்று ஆரம்பித்தது சித்தப்பாதான். பத்ரிநாத் போய்வந்த பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், வழியில் கர்ணன் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, ஆற்றங்கரையில் அவனுக்குக் கோயிலும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. "பத்ரியெல்லாம் நீ அப்புறம் போய்க்கோ. என்னைக் கர்ணன் ஊருக்குக் கூட்டிட்டுப் போடா" என்றார்.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். அங்கே ஒருவர் இறந்துபோனால், காரியத்தை ஒட்டி ராத்திரி முழுக்கக் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். போன வருஷம் அப்பா தவறியபோது வைத்தோம். அப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். ஒரு வரப்புத் தகராறு, அவ்வளவுதான். கூத்து நடந்த ராத்திரி சித்தப்பா திரைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனைக் குந்தி மடியில் கிடத்தி ஒப்பாரி வைக்கும் இடம் வந்தது. இவன் நம் அண்ணன் என்பது தம்பிகளுக்கு அப்போதுதான் தெரிகிறது. கூத்தின் குழல்வாத்தியமான முகவீணை இழுத்துக்கொண்டே இருந்தது. சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதனால் நான் மறுபேச்சு பேசவில்லை. அக்டோபர் கடைசியில் கிளம்பினோம்.

ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை சுமார் 170 கிலோமீட்டர். விடியற்காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் போய்விடலாம் என்றார்கள். எங்களுக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஓரிடத்தில் மேலிருந்து கல் சரிந்து சாலையை அடைத்திருந்தது. இன்னும் சில இடங்களில் வேலை நடக்கிறது என்று வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். மலைக்கு அடியில் ரயில் பாதையும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை வரைக்கும் 125 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சுரங்கம். அது ஓட ஆரம்பித்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம், ஆனால் ஆறு கண்ணில் படாது. பஸ்ஸில் போனதால் நாள் முழுக்க ஆறு கூடவே வந்தது. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் சேர்கின்றன. அங்கிருந்துதான் அதற்குக் கங்கை என்று பெயர். பிறகு ஸ்ரீநகர் (காஷ்மீரில் இருப்பது இல்லை, இது கட்வால் மலைப்பகுதியின் ஸ்ரீநகர்), மந்தாகினி வந்து சேரும் ருத்ரப்பிரயாகை. அதற்கு மேலே கர்ணப்பிரயாகை. பிண்டாரிப் பனியாற்றிலிருந்து இறங்கி வரும் பிண்டார் நதி அங்கே அலகநந்தாவில் சேர்கிறது. அலகநந்தாவில் ஆறுகள் சேரும் ஐந்து பிரயாகைகளில் கர்ணன் பெயரைத் தாங்கி நிற்பது இது.

ஊர் பெரிதாக ஒன்றுமில்லை. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்ட கடைகள், லாட்ஜுகள், ஹாரன் சத்தம். பத்ரிநாத் வண்டிகள் பெரும்பாலும் நிற்காமல் போகின்றன, நின்றாலும் டீ குடிக்கத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு சின்னக் கடையில் கேழ்வரகு ரொட்டியும் கொள்ளுப் பருப்பும் போட்டார்கள். சித்தப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு தூரம் வந்தும் நம் வீட்டுச் சாப்பாடா என்று இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டார்.

கடைக்காரருக்கு வயது ஐம்பது இருக்கும். நாங்கள் எதற்கு வந்தோம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் கூத்தைப் பற்றிச் சொன்னேன். சாவு வீட்டில் பாரதம் ஆடுவோம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நாங்களும்தான்" என்று உட்கார்ந்துவிட்டார். கட்வால் கிராமங்களில் அறுவடை முடிந்த குளிர்காலத்தில் பாண்டவர் ஆட்டம் உண்டு. டோல், தமாவ் என்ற மேளங்களை அடிக்க அடிக்க, பாண்டவர்களாக ஆடுகிறவர்கள் மேல் பாண்டவர்களே இறங்கி ஆடுவார்கள். அதில் முக்கியமான கதை, அப்பா பாண்டுவின் திதிக்காக அர்ஜுனன் காண்டாமிருகத்தின் தோலைத் தேடிப் போவது. ஆட்டமே முன்னோருக்குச் செய்யும் கடன் மாதிரிதான் என்றார். சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொல்ல, சித்தப்பா கையிலிருந்த ரொட்டியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மலை தாண்டி வந்தும், செத்தவருக்குக் கரையேற வழிசொல்ல இவர்களும் பாரதத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் பிண்டார் பாலத்தைக் கடந்து கோயிலுக்குப் போனோம். சின்னக் கோயில், சாமந்தி மாலை. இங்கேதான் கர்ணன் சூரியனை நோக்கித் தவம் இருந்து கவச குண்டலம் பெற்றான் என்கிறார்கள். பிறவியிலேயே கவசத்தோடு வந்தவன் என்றுதான் பாரதம் சொல்கிறது. ஆனால் இந்த ஊர் தன் கர்ணனுக்குத் தன் ஆற்றங்கரையில் அதைக் கொடுத்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். இன்னொரு கதையும் உண்டு. போர் முடிந்த பிறகு கிருஷ்ணன் தன் உள்ளங்கையிலேயே வைத்து இங்கே கர்ணனை எரித்தான் என்பது. வாழ்நாள் முழுக்க இது உன் இடம் இல்லை என்று கேட்டே வளர்ந்தவனை எரிக்கக் கடைசியில் கடவுளின் கை கிடைத்தது. இந்தக் கதையை முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், கர்ணனை நன்றாகப் புரிந்துகொண்டவர்.

சித்தப்பா சந்நிதியை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "பொன்னுருவி எங்கடா?" என்றார்.

எங்கள் கூத்தில் பொன்னுருவி இல்லாமல் கர்ணன் கிடையாது. தேரோட்டி மகன் என்று முதலில் அவனை ஒதுக்குகிற மனைவி, கடைசிப் போருக்குக் கிளம்பும்போது போகாதே என்று மறிக்கிறாள். விடைபெறும் அந்தக் காட்சியே மணிக்கணக்கில் போகும். இங்கே பொன்னுருவியைத் தெரியாது என்றேன். "பாவம், தனியா நிக்கிறான்" என்றார் சித்தப்பா.

பிறகு படியிறங்கிச் சங்கமத்துக்கு வந்தோம். நன்றாக விடிந்திருந்தது, ஆனால் பள்ளத்தாக்கில் வெயில் இல்லை. மலை மறைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சரிவின் உச்சியில் மட்டும் ஒரு மஞ்சள் கீற்று. தண்ணீரில் கால் வைத்தேன், எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. சீக்கிரம் முடித்துவிட்டு மேலே போகலாம் என்றேன். சித்தப்பா அசையவில்லை.

"இருடா. அவன் அப்பா வராம எப்படி?"

உட்கார்ந்தோம். இரண்டு ஆறும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு தெரிந்தது, கொஞ்ச தூரம் இரண்டு நிறமாகவே ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தால், கர்ணன் வாழ்வில் நடந்த பெரிய காரியங்களில் பலவும் ஆற்றங்கரையில் நடந்தவை. குந்தி அவனைப் பெட்டியில் வைத்து அசுவ நதியில் விட்டாள். அங்கிருந்து சர்மண்வதி, அதாவது இன்றைய சம்பல். அங்கிருந்து யமுனை, பிறகு கங்கை. கங்கை அவனைக் கொண்டுபோய் அங்க நாட்டுச் சம்பா நகரத்தில், இன்றைய பாகல்பூர்ப் பக்கத்தில், தேரோட்டி அதிரதன் கையிலும் அவன் மனைவி ராதை கையிலும் சேர்த்தது. பெட்டியைச் சுமந்த நீரில் எங்கள் காலடியில் ஓடிய நீரும் கலந்துதான் இருந்திருக்கும்.

போருக்கு முன் குந்தி அவனைத் தேடி வந்ததும் கங்கைக் கரைக்குத்தான். வியாசர் அதை எழுதியிருக்கும் விதம் எனக்கு எப்போதும் தொண்டையை அடைக்கும். கர்ணன் கிழக்கே பார்த்து இரு கையையும் தூக்கி ஜபம் செய்கிறான். முதுகு சுடும்வரை அப்படியே நிற்கிறான். வெயில் தாங்காமல் குந்தி அவன் பின்னால், அவனுடைய மேலாடையின் நிழலில், வாடிய தாமரை மாலை மாதிரி நின்று காத்திருக்கிறாள். பிறந்ததும் கைவிட்ட பிள்ளையின் நிழலில் தாய் ஒதுங்கி நிற்கிறாள். அது அவனுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்ததும் கைகூப்பி, "ராதேயன், அதிரதன் மகன், வணங்குகிறேன்" என்கிறான். அவள் உண்மையைச் சொல்வதற்கு முன்பே, தன் தாய் ராதை என்று சொல்லிவிட்டான்.

கர்ணனை நான் குற்றமற்றவனாக்க மாட்டேன். சபையில் திரௌபதியைப் பார்த்து அவன் சொன்ன சொல்லுக்கு எந்தச் சாபமும் சமாதானம் ஆகாது. அபிமன்யுவைச் சூழ்ந்து அடித்தவர்களில் அவனும் ஒருவன். ஆனால் துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைச் சுடுசொல் சொன்னேன், இன்று அதற்காக வருந்துகிறேன் என்று கிருஷ்ணனிடம் அவனே சொல்கிறான். தான் மூத்தவன் என்பது தருமனுக்குத் தெரியவேண்டாம், தெரிந்தால் அவன் நாட்டை ஏற்கமாட்டான் என்றும் கேட்டுக்கொள்கிறான். இது தெரிந்த பிறகும், சாகும் பதினேழாம் நாள் வரை துரியோதனன் பக்கமே நின்றான்.

தமிழில் நாம் அவன்மேல் இரக்கப்பட்டுவிட்டோம். வில்லிபுத்தூராரின் பாரதத்தில் கிருஷ்ணன் அந்தணன் வடிவில் வந்து புண்ணியத்தைக் கேட்க, கர்ணன் தன் ரத்தத்தையே நீராக வார்த்துக் கொடுக்கிறான். எத்தனை பிறவி எடுத்தாலும் இரப்பவனுக்கு இல்லை என்று சொல்லாத மனம் வேண்டும் என்று வரம் கேட்கிறான். குந்தியும் களத்துக்கே வந்துவிடுகிறாள். வியாசரிடம் இந்த ஆறுதல் ஒன்றும் இல்லை. புதைந்த சக்கரம், அர்ஜுனனின் அம்பு, அவ்வளவுதான். போர் முடிந்து கங்கையில் எல்லோருக்கும் நீர் இறைக்கும்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். கர்ணனுக்கும் இறையுங்கள், அவன் உங்கள் மூத்தவன் என்கிறாள். தருமன் உடைந்துபோகிறான். அண்ணன் என்று தெரிந்து தம்பி அவனுக்குச் செய்ய முடிந்தது அந்தத் தண்ணீர் மட்டும்தான். சின்ன வயதில் எனக்குக் கூத்தின் முடிவுதான் பிடிக்கும். இப்போது வியாசருடையதுதான் மனதில் தங்குகிறது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, "உங்கப்பன் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு ரோட்டுல எதிர்ல வந்தான்டா. நின்னான். நான்தான் சைக்கிளை நிறுத்தல" என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எட்டு மணியைத் தாண்டித்தான் வெயில் இறங்கியது. முதலில் எதிர்க்கரைப் பாறை, பிறகு தண்ணீர், பிறகு எங்கள் படி. சித்தப்பா எழுந்து சட்டையைக் கழற்றினார். ஊரிலிருந்து பேப்பரில் மடித்துக்கொண்டு வந்த எள்ளைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். முழங்கால் ஆழம்வரை இறங்கினார். அறுபத்தெட்டு வயது, அந்தக் குளிரில் ஒருமுறைகூட உடம்பைச் சிலிர்க்கவில்லை. மந்திரம் ஒன்றும் இல்லை. "அண்ணே" என்று ஒரு கை தண்ணீர் விட்டார். மறுபடியும் "அண்ணே" என்று ஒரு கை. மூன்றாவது கை யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இறைத்து முடித்தும் கரையேறாமல், சூரியனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் துண்டை வைத்துக்கொண்டு பின்னால் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நிழல் என்மேல் விழுந்திருந்தது.