கடைசி வீட்டுச் சுவர்

பெல்ஃபாஸ்ட்டில் பம்பாய் தெரு என்று ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே காஷ்மீர் சாலை, கான்பூர் தெரு. எல்லாம் பிரிட்டிஷ் ராஜ்ஜியம் பெருமையாக வைத்த பெயர்கள். வட அயர்லாந்தின் தலைநகரில், சிவப்புச் செங்கல் வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒரு முனையில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம் வந்து செல்போனை எடுத்துவிட்டேன். கூட வந்த அக்கா (பெரியப்பா மகள், அங்கே ஒன்பது வருஷமாக நர்ஸ்) என் கையைத் தொட்டு, "இந்தத் தெருவைத்தான்டா எரிச்சாங்க" என்றார்.

1969 ஆகஸ்ட். ஃபால்ஸ் சாலைப் பக்கம் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிற கத்தோலிக்கர்கள், ஷாங்கில் சாலைப் பக்கம் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிற புராட்டஸ்டன்டுகள், நடுவில் சில குறுக்குத் தெருக்கள், அதில் ஒன்றுதான் இது. கத்தோலிக்கர்கள் குடியிருந்த தெரு. எதிர்ப்பக்கத்துக் கூட்டம் வந்து கொளுத்தியது. அதன்பிறகு பிரிட்டிஷ் ராணுவம் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தடுப்புப் போட்டது, கொஞ்ச காலத்துக்குத்தான் என்று சொல்லி. அந்தத் தடுப்பு கான்கிரீட்டாகி, கான்கிரீட்டுக்கு மேல் இரும்புத் தகடு ஏறி, அதற்கு மேல் கம்பி வலை ஏறி, இன்றைக்கு மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறது. எல்லாத் தடுப்புச் சுவர்களையும் 2023க்குள் எடுத்துவிடுவோம் என்று 2013ல் அரசு அறிவித்தது. எடுக்கவில்லை. பம்பாய் தெருவைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், ஆனால் சுவருக்கு முதுகு காட்டி நிற்கும் வீடுகளின் கொல்லைப்புறத்தை, அந்தப் பக்கத்திலிருந்து கல்லோ பாட்டிலோ வந்து விழாமலிருக்க, கோழிக்கூண்டு மாதிரி கம்பிவலை போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் கூண்டுக்குள் துணி காய்கிறது.

அந்தப் பெரிய சுவருக்கு உலகம் முழுக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், மார்க்கர் பேனாவால் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மனசில் நின்றது வேறு சுவர்கள். வரிசை வீடுகளின் கடைசி வீடு இருக்கிறதல்லவா, அதன் பக்கச்சுவர், ஜன்னல் எதுவும் இல்லாமல், உச்சியில் கூரைச் சரிவுக்கேற்ப முக்கோணமாக முடிகிற சுவர். பெல்ஃபாஸ்ட்டில் அரசியல் படம் வரைவதற்கென்றே கட்டிவைத்த மாதிரி தெருமுனைக்கு ஒன்று நிற்கும்.

நான் போனது ஜூன் கடைசி. ஜூலை 12 நெருங்கும்போது ஷாங்கில் பக்கம் ஊரே திருவிழாவுக்குத் தயாராகிறது. 1690ல் பாய்ன் ஆற்றங்கரையில் புராட்டஸ்டன்ட் அரசர் மூன்றாம் வில்லியம் கத்தோலிக்க அரசரை வென்றதைக் கொண்டாடும் நாள். முந்தின நாள் ராத்திரி கொளுத்துவதற்கு மரப்பலகைகளை அடுக்கி அடுக்கி, நம் ஊர்ச் சொக்கப்பனையைப் பத்து மடங்கு பெரிதாக்கின மாதிரி கோபுரங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையின் ஓரக்கல்லுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிட்டிஷ் கொடியின் நிறங்கள். ஃபால்ஸ் பக்கத்துக் குடியிருப்புகளில் அதே ஓரக்கல்லுக்கு அயர்லாந்துக் கொடியின் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு பூசிய இடங்களும் உண்டு. வழிகேட்கவே வேண்டாம், குனிந்து தரையைப் பார்த்தால் யார் தெருவில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அங்கே சுவரில் முதலில் ஏறியது வில்லியம் அரசரின் வெள்ளைக் குதிரைதான், 1908 வாக்கில், கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில். ஆட்சியும் போலீசும் கப்பல் கட்டும் தளத்து வேலையும் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்டுகள் கையில் இருந்தபோது சுவரும் அவர்கள் கையில்தான் இருந்தது. மறுபக்கத்துக்காரர்கள் மூவண்ணக் கொடி ஏற்றினால் போலீஸ் இறக்கலாம் என்று 1954ல் சட்டமே போட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃபால்ஸ் சாலைப் படங்களைப் பார்க்கிற பலர் இவர்கள்தான் ஆதியிலிருந்து சுவரில் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அவர்கள் பெரிய அளவில் தூரிகை எடுத்தது 1981ல், அயர்லாந்து விடுதலைக்காக ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் கைதி பாபி சாண்ட்ஸ் சிறையில் சோறு மறுத்துப் படுத்தபோது.

அவர் பெயரைக் கேட்டதும் நம்மில் நிறைய பேருக்குத் திலீபன் நினைவு வரும், எனக்கும் வந்தது. திலீபன் தண்ணீரும் வேண்டாம் என்றவர், பன்னிரண்டாம் நாள் போனார். சாண்ட்ஸ் தண்ணீர் குடித்தார், உண்ணாவிரதம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், மே 5ஆம் தேதி, அறுபத்தாறாம் நாள் இறந்தார். அவருக்கு வயது 27. அவரோடு சேர்த்துப் பத்து பேர். அந்தக் கோடையில் தெருப் பையன்கள், ஓவியம் படித்தவர்கள்கூட இல்லை, கையில் கிடைத்த பெயின்ட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு வரைந்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் சுவரில் கோஷம் எழுதிக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. தெரிந்துதான் வரைந்தார்கள். இன்றைக்கு ஃபால்ஸ் சாலையில் ஷின் ஃபெய்ன் கட்சி அலுவலகத்தின் பக்கச்சுவரில் நீளத் தலைமுடியோடு சிரிக்கிற சாண்ட்ஸ் முகம்தான் அந்த நகரத்திலேயே அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட முகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, ஷாங்கில் பக்கம் வருவோம். முகமூடி போட்டவன், கையில் துப்பாக்கி, கீழே யு.வி.எஃப். அல்லது யு.டி.ஏ. என்று, பிரிட்டன் பக்கம் நின்று ஆயுதம் எடுத்த லாயலிஸ்ட் இயக்கத்தின் பெயர். முதலில் நான் நினைத்தது, எதிரியைப் பயமுறுத்தத்தான் இதை வரைகிறார்கள் என்று. ஆனால் கொஞ்சம் நடந்து பார்த்தால் கணக்கு உதைக்கிறது. இந்தச் சுவர்கள் குடியிருப்பின் உள்ளே, சொந்தத் தெருவைப் பார்த்து நிற்கின்றன. ஃபால்ஸ்காரர் ஒருவர் இந்தச் சந்துக்குள் வரவே மாட்டார். அப்புறம் யாருக்காக அந்தத் துப்பாக்கி? பள்ளிக்கூடம் போகிற இந்தத் தெருப் பிள்ளைக்கும், பால் வாங்கப் போகிற இந்தத் தெருப் பாட்டிக்கும்தான். நாம் யார், நமக்குக் காவல் யார், நம் செத்தவர்கள் யார், வாயை எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்று சொந்த ஜனங்களுக்குத் தினமும் சொல்வதற்குத்தான் சுவர். இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும்.

ஒரு வீட்டில் பக்கச்சுவர் முழுக்க முகமூடிக்காரன், முன்வாசலில் ஒரு நடுத்தர வயதுப் பெண் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சுவரின் உள்பக்கம் அவர் படுக்கையறையாக இருக்கலாம். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வரைந்தார்களா என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேணாம்டா. நாம போயிருவோம், அவங்க இங்கதான இருக்கணும்." விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீட்டு மதில்சுவரில் தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்சி பெயரெழுதி, ரிசர்வ் என்று போட்டுவிட்டுப் போவார்கள். அப்பாவிடம் அவர்கள் கேட்டதில்லை, அப்பாவும் அவர்களிடம் ஏன் என்று கேட்டதில்லை. அங்கே எழுத்துதான், துப்பாக்கி இல்லை. ஆனாலும் கேட்காமல் விட்ட அப்பாவின் முகம் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது.

இன்னொன்று என்னை ரொம்ப நேரம் நிற்க வைத்தது. கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் நியூட்டவுனார்ட்ஸ் சாலையில் ஃப்ரீடம் கார்னர் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும் இடம். லாயலிஸ்டுகளின் இடம். அங்கே கூஹுலின் இருக்கிறான். அயர்லாந்துப் பழங்கதையில் வரும் வீரன், சாகும்போதும் விழக்கூடாது என்று தன்னைக் கல்தூணோடு கட்டிக்கொண்டு நின்று செத்தவன். தோளில் வந்து காக்கை உட்கார்ந்த பிறகுதான் எதிரிகள் பக்கத்தில் வரத் துணிந்தார்கள். டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கும் அவன் சிலைதான் 1916 ஈஸ்டர் எழுச்சியின் நினைவுச்சின்னம். அதனால் அயர்லாந்து விடுதலை கேட்பவர்கள் அவனை வரைகிறார்கள். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரைத் தனியாளாக நின்று காத்தவன் என்பதால் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர்களும் அவனையே வரைகிறார்கள். அதே டப்ளின் சிலையைப் பார்த்து, அதே சாய்வு, அதே காக்கை! ஒரே பாட்டன் போட்டோவை இரண்டு பங்காளிகளும் கூடத்தில் மாட்டி வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைகிற மாதிரி. உலகத்துச் சண்டைகளையும் இப்படியே பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபால்ஸ் பக்கம் பாலஸ்தீனக் கொடி, ஷாங்கில் பக்கம் இஸ்ரேல் கொடி.

1998 ஏப்ரல் 10ல் புனித வெள்ளி சமாதான உடன்பாடு வந்தது, முப்பது வருஷத்தில் ஏறத்தாழ 3,500 பேர் செத்த பிறகு. சுவர்களில் இருந்த துப்பாக்கிகள் அன்றைக்கே இறங்கிவிடவில்லை. 2006ல் வட அயர்லாந்துக் கலைக் கவுன்சில் 33 லட்சம் பவுண்டில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தெரு மக்களோடு பேசி, முகமூடிக்காரர்களை எடுத்துவிட்டு வேறு படம் வரைய உதவுவது. கால்பந்துக்காரர் ஜார்ஜ் பெஸ்ட், டைட்டானிக் கப்பல், சோம் போர்க்களத்தில் 1916 ஜூலை 1ல் செத்த அல்ஸ்டர் சிப்பாய்கள் என்று சுவர்கள் மாறின. மாறின எல்லாம் நிலைக்கவில்லை. 2013ல் கிழக்கு பெல்ஃபாஸ்ட் சிடன்ஹாமில் ஜார்ஜ் பெஸ்ட் இருந்த சுவரிலேயே யு.வி.எஃப். துப்பாக்கிக்காரன் திரும்ப ஏறினான். அதே நகரத்தில் சாண்டி ரோவில், அந்தப் பகுதியின் முகப்பு மாதிரி வருஷக்கணக்காக இருந்த துப்பாக்கிக்காரனை 2012ல் எடுத்துவிட்டு வில்லியம் அரசரை வைத்தார்கள். வெளியாளுக்கு இது என்ன முன்னேற்றம் என்று தோன்றும், ஒரு சண்டை போய் இன்னொரு சண்டையின் படம்தானே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசர் அவர்கள் தாத்தா காலத்து ஆள், அவரை யாரும் அவர்கள் வாயில் திணிக்க வேண்டியதில்லை. துப்பாக்கி போய்விட்டது, தெரு தெருவாகவே இருக்கிறது. பணம் கொடுத்து மேலே பூசலாம், பூசினதைத் தன்னுடையது என்று அந்தத் தெரு நினைக்காவிட்டால் எவனோ ஒருவன் ஒரு ராத்திரி ஏணியோடு வந்து பழையதை வரைந்துவிட்டுப் போவான், தெரு கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்.

அதனால்தான் டேனி டெவனி, மார்க் எர்வின் கதை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. டெவனி ஐ.ஆர்.ஏ. கைதியாக இருந்தவர், ரிபப்ளிகன், அதாவது அயர்லாந்து விடுதலை கேட்கும் பக்கத்துப் பெயர்பெற்ற சுவரோவியர். மார்க் எர்வின் லாயலிஸ்ட் பக்கம். அவர் அப்பா டேவிட் எர்வின் யு.வி.எஃப். கைதியாக இருந்து பிறகு சமாதானத்துக்காகப் பேசிய அரசியல்வாதி, 2007 ஜனவரியில் காலமானார். அதே வருஷம் இந்த இரண்டு ஓவியர்களும் சேர்ந்து ஃபால்ஸ் சாலைச் சுவரில் பிக்காஸோவின் கேர்னிக்காவைப் பெரிதாக வரைந்தார்கள். குண்டு விழுந்த ஊர், செத்த பிள்ளையைத் தூக்கி வைத்துக் கதறுகிற தாய், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு ஸ்பெயின் ஊரின் துக்கம். ஒருவர் வந்து இன்னொருவர் தெருவில் சாரத்தில் ஏறி நிற்பதற்கே அந்த ஊரில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அக்காவைக் கேட்டால் சொல்வார். முதல் நாளே என்னிடம் அவர் சொன்னது, "எங்க வேணா போ, இருட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்துரு, கேட்டைப் பூட்டிருவாங்க" என்பதுதான். தடுப்புச் சுவரில் இருக்கும் கேட்டுகளைத்தான் சொன்னார். இன்னும் ராத்திரியில் பூட்டுகிறார்கள்.

கடைசி நாள் டெர்ரிக்குப் போனோம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல. 1972 ஜனவரி 30ல் ஊர்வலம் போன கூட்டத்தில் 13 பேரை ராணுவம் சுட்டுக் கொன்ற பாக்சைட் பகுதி. அங்கே ராஸ்வில் தெருவில் மூன்று ஓவியர்கள் வருஷக்கணக்காக வரைந்த 12 சுவர்கள் இருக்கின்றன. வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு பாதிரியார் முன்னால் நடக்க, அடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்தப் படம் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் நின்றது இன்னொன்றின் முன்னால். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. 1971 செப்டம்பரில் குண்டு பட்டு இறந்தவள், 14 வயது. பின்னால் இடிந்து சிதறிய கட்டிடம். பக்கத்தில் தலைகீழாக ஒரு துப்பாக்கி, மேலே ஒரு பட்டாம்பூச்சி.

1999ல் இதை வரைந்து முடித்தபோது துப்பாக்கி முழுசாக இருந்தது. பட்டாம்பூச்சிக்கு நிறம் இல்லை, வெறும் கோடு. உடன்பாடு கையெழுத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்தும் அந்த மூன்று பேரும் அதை நம்பி நிறம் கொடுக்கவில்லை. காத்திருந்தார்கள். 2005ல் ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்தது. 2006ல் அதே ஓவியர்கள் திரும்பச் சாரம் கட்டி ஏறி, துப்பாக்கியை நடுவில் உடைத்து வரைந்து, பட்டாம்பூச்சிக்கு நிறம் கொடுத்தார்கள். ஏழு வருஷம் அந்தத் தெரு, நிறமில்லாத அந்த இறக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. யாரும் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லி இது வராது.

தூறல் போட ஆரம்பித்திருந்தது. அக்கா குடையை விரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளை இருந்திருந்தா இப்ப என்ன வயசுடா இருக்கும்?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.

"பெரியம்மா வயசுக்கா."