அம்மாவுக்கு கண்டியில் கிளினிக்

2025 மார்ச் 8, சனி

திகதி கிடைத்துவிட்டது. 18ஆம் திகதி செவ்வாய், கண்டி பெரியாஸ்பத்திரி, வாதநோய் கிளினிக். துண்டு எழுதித் தந்த டொக்டரம்மா, அம்மாவின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலையில எழும்பினா கை எவ்வளவு நேரம் விறைச்சுப் போய் இருக்கும்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரந்தாங்க."

பெரிய டொக்டரும் இதைத்தான் முதலில் கேட்பாராம். தேய்மானத்தால் வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். மூட்டு வீங்கி அரிக்கும் ரூமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் என்றால் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இழுக்கும். எனவே அம்மாவின் "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். கேட்டால் சொல்கிற ஆள் இல்லை. பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

நாலரைக்கு எழும்பி அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். "என்னா புள்ள, தூக்கம் வரலியா?" என்றார் அம்மா. டீ குடிக்கிறேன் என்று சமாளித்தேன்.

ரொட்டிக்கு மாவு பிசைவதை இவ்வளவு கிட்டத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. விரல் மாவுக்குள் போகவே இல்லை. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அமுக்கி, திருப்பி, மறுபடி அமுக்குகிறார். தட்டும்போதும் அப்படித்தான். சம்பலுக்கு மிளகாய்த்தூள் போத்தலைத் திறக்க முடியாமல், மூடியை முந்தானையில் சுற்றி, தொடைக்கு இடையில் வைத்துத் திருகினார். ஐந்தே முக்காலுக்குத்தான் விரல் பாதி மடங்கியது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரத்தில், இடுப்பில் சுற்றும் படங்கின் கயிற்றை முடிச்சுப் போட வரவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி கட்டிவிட்டார். தினமும் அவர்தான் கட்டிவிடுகிறாராம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நாலரையிலிருந்து ஏழு வரைக்கும். இதுதான் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம்!

கொழுந்துக் கணக்கையும் எழுதினேன். எங்கள் தோட்டத்தில் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ 18 கிலோ. போன வருசம் இந்த நேரம் அம்மா அதைத் தாண்டி எடுத்தவர். இப்போது அரைப்பேர்தான் விழுகிறது. 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. "வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை?" என்று கேட்டால் அம்மா சிரிப்பார். கிலோ கேட்டால் பட்டென்று சொல்வார்.

மார்ச் 13, வியாழன், போயா

பௌர்ணமி லீவு. மருந்துகள் எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். பிஸ்கட் டின்னில் பாதி, சாமி தட்டுக்குப் பின்னால் மீதி. பெனடோல், தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த வலிக் குளிசை டைக்ளோபெனாக், பிரஷருக்கு லொசார்டன், கேஸ்டிரிக்குக்கு ஒமெப்ரசோல், ஒரு போத்தல் நாட்டு எண்ணெய், சித்தாலேப களிம்பு டப்பா. கடைசியாக, பேரே எழுதாத கவரில் சின்ன வெள்ளைக் குளிசைகள். யாரோ ஒருத்தர் "இதைக் குடிச்சா ரெண்டு நாள்ல ஓடும்" என்று கொடுத்ததாம். உண்மையாகவே நல்லா இருந்துச்சாம். என்ன மருந்தென்றே தெரியாமல் இப்படி வேலை செய்கிறதே, அதுதான் எனக்குப் பயம்.

டைக்ளோபெனாக்கை விடாமல் குடித்தால் வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. அம்மாவுக்குக் கேஸ்டிரிக்கும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. எல்லாவற்றையும் கவரோடு ஒரு பையில் போட்டேன். "அந்த வெள்ளைக் குளிசய காட்டாத, ஏசுவாங்க" என்றார் அம்மா. ஏசட்டும். பையில் மேலாக இருப்பதே அதுதான்.

மார்ச் 15, சனி

ரத்த ரிப்போர்ட் எடுத்தோம். உடம்பில் அழற்சி இருக்கா என்று பார்க்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அதிகம். ரூமட்டொயிட்டுக்கென்று பார்க்கும் ரூமட்டொயிட் ஃபெக்டர் மட்டும் நெகடிவ். கொழும்பிலிருந்து தம்பி ஃபோனில், "அப்ப ஒன்னுமில்லதானே, ஏன் அவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டுப் போற?" என்கிறான். நெகடிவ் வந்தவர்களுக்கும் இந்த வருத்தம் இருக்கும், பொசிடிவ் வந்த எல்லாருக்கும் இருக்காது. டொக்டர் கையைப் பார்த்து, ரத்தத்தைப் பார்த்து, எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்வார் என்றேன். தாமதித்தால் மூட்டு அரிக்கும், அரித்தது திரும்பாது என்றும் சொன்னேன். பேச்சை மாற்றி மெட்ச் ஸ்கோர் சொன்னான்.

வீக்கம் சில நாள் வற்றிவிடுகிறது. 18ஆம் திகதி பார்த்து வற்றித் தொலைத்தால்? அதனால் வீங்கியிருந்த காலையில் இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து வைத்தேன். அப்படியே கால் இரண்டையும் எடுக்கலாம் என்று குனிந்தால், மெட்டியைக் காணோம். வலது காலில் மட்டும் இல்லை. மாசிக்கு முன்னமே சவர்க்காரம் போட்டுக் கழற்றியாச்சாம். கால் விரல் அடியும் வீங்கித்தான் கிடக்கிறது. "கையத்தானே கேட்டாங்க" என்கிறார்.

மார்ச் 17, திங்கள்

அடையாள அட்டை, துண்டு, ரிப்போர்ட், மருந்துப் பை, பார்த்ததையெல்லாம் எழுதிய ஒரே ஒரு தாள். சிங்களத்தில் ஒரு பக்கம், இங்கிலீஷில் ஒரு பக்கம். அதற்கு மேல் எழுதினால் யாரும் வாசிக்கப்போவதில்லை. விடியற்காலை ஹட்டனில் பஸ் ஏற வேண்டும். கினிகத்தேனை வளைவுகளுக்கு எலுமிச்சம்பழம் எடுத்தாச்சு. சாப்பிடாமல் போகவா என்று கேட்டார். ஈஎஸ்ஆருக்கும் சிஆர்பிக்கும் பட்டினி தேவையில்லை. நல்லா சாப்பிட்டுவிட்டே போகலாம்.

கேள்விகள் மூன்றுதான் எழுதியிருக்கிறேன். என்ன வருத்தம்? மலைக்குப் போகலாமா? ரூமட்டொயிட்டுக்குக் கிழமைக்கு ஒரு தரம் மட்டும் குடிக்கிற மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால், எந்த நாள், எத்தனை மாதத்துக்கு ஒருக்கா ரத்தம் பார்க்க வேண்டும்? அதைத் தவறிப்போய் தினமும் குடித்தால் ஆளுக்கே ஆபத்து. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, மருந்துப் பெட்டி என் கையில்தான் இருக்கும்.

"குடும்பத்தில் யாருக்கும் உண்டா" என்ற இடத்தில் போன கிழமையே "இல்லை" என்று எழுதியிருந்தேன். விளக்கை அணைக்கப் போகும்போது அம்மா மெதுவாகச் சொல்கிறார்: "எங்க அம்மாயிக்கு கை இப்படித்தான் கோணிக்கிட்டே போச்சு. கடைசியில நாங்கதான் சோறு ஊட்டுனோம்."

"ஏம்மா இத முன்னமே சொல்லல?"

"நீ வருத்தத்ததானே கேட்ட. அது வயசுன்னு நெனச்சோம்."

"அப்ப அம்மாயிக்கு என்னா வயசு?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

"இல்லை" என்பதை வெட்டி எழுதிவிட்டேன். அலாரம் இரண்டே முக்காலுக்கு.