மதரின் நம்பர் 41

போன மாதம் எங்கள் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் மதரைப் பார்க்கப் போனேன். வயதான சிஸ்டர்களுக்காக அவர்களுடைய கன்னியர் சபை வைத்திருக்கும் வீடு, ஊருக்கு வெளியே, நாலு மாமரமும் ஒரு கிணறுமாக இருக்கிறது. மதருக்கு இப்போது 86. காது மந்தம். ஆனாலும் பக்கத்தில் போய்ப் பேசியதும் என் பெயரைச் சொல்லிவிட்டார், கூடவே என் அக்கா பெயரையும், நாங்கள் ஹாஸ்டலில் இருந்த வருஷத்தையும்.

சாப்பாட்டு அறையில்தான் உட்கார்ந்து பேசினோம். 40 பேர் உட்காரக்கூடிய நீள மேசை. இப்போது 11 பேர் ஒரு ஓரமாகச் சாப்பிடுகிறார்கள். மீதி இடமெல்லாம் மாத்திரை டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி, காலை மதியம் இரவு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை நிரப்புகிற சிஸ்டருக்கு 72 வயது. அந்த வீட்டில் அவர்தான் இளையவர்.

மதரின் சேலை ஓரத்தில் சிவப்பு நூலில் 41 என்று தைத்திருந்தது. சபையில் சேர்ந்ததும் துணி மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு நம்பர் கொடுப்பார்களாம். 41 முதலில் சமையல் பார்த்த ஒரு சிஸ்டருடையது, அவர் இறந்த பிறகு மதருக்கு வந்திருக்கிறது. “எனக்கப்புறம் இதக் கேக்க ஆளில்ல” என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து, இதே மாதிரி ஆள் குறைந்துபோன இன்னொரு கன்னியர் சபையான நியூயார்க்கின் சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி பற்றிப் படித்தேன். 1817-ல் மூன்று சிஸ்டர்கள் அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த நகரத்துக்கு வந்ததில் தொடங்கிய சபை. 1849-ல் அவர்கள் தொடங்கிய செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைதான் 1912-ல் டைட்டானிக்கில் உயிர் தப்பியவர்களில் பலரைக் கவனித்தது, 1980-களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்றவர்கள் பயந்தபோது அவர்களுக்கென்று தனி வார்டு திறந்தது. 2023 ஏப்ரலில், சுமார் 150 பேர்தான் மிச்சம், சராசரி வயது 83 என்ற நிலையில், இனி புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று அந்த சிஸ்டர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். இருக்கிறவர்கள் இருக்கும்வரை வேலை நடக்கும், அதோடு சபை நிறைவு பெறும்.

படித்ததும் முதலில் பதறியது. யோசிக்க யோசிக்க, அதுதான் நேர்மையான முடிவு என்று படுகிறது. ஆள் வரவில்லை என்றாலே எங்கோ தப்பு நடந்துவிட்ட மாதிரி பேசுகிறோம். மதர் சபையில் சேர்ந்த காலத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துப் பெண் படித்து, டீச்சராகி, ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்த வேண்டும் என்றால் மடத்துக் கதவைத் தவிர வேறு எத்தனை கதவு திறந்திருந்தது? அவரிடம் படித்த நாங்கள் வங்கிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் வேலைக்குப் போனோம். மடத்துக்குப் போகவில்லை.

எனக்குக் கோபம் வருவது பணத்தில்தான். அமெரிக்காவில் தேவாலயங்கள் நடத்திய பங்குப் பள்ளிகளில் பாடம் நடத்திய சிஸ்டர்களுக்குக் கைச்செலவு மாதிரிதான் ஏதோ கொடுத்திருக்கிறார்கள். சபைகள் அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தில் சேரவே 1972-ல்தான் சட்டம் வழிவிட்டது. 1988-லிருந்து வருஷா வருஷம் டிசம்பரில் கத்தோலிக்கக் கோயில்களில் இவர்களுக்கென்று காணிக்கை எடுக்கிறார்கள். இங்கே அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை பார்த்த மதருக்கு பென்ஷன் உண்டு, ஆயுசு முழுக்க ஹாஸ்டல் அடுப்படியில் நின்ற சிஸ்டருக்குக் கிடையாது. மதரின் பென்ஷனும் பொதுவில்தான் போகிறது, எல்லாருக்கும் ஒரே கஞ்சி, ஒரே மருந்துச் செலவு. ராத்திரிக்கு ஒரு நர்ஸ் வைக்கத்தான் அது போதவில்லை.

எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் நர்ஸ் சம்பளத்தை மாதாமாதம் பகிர்ந்துகொள்வோமா என்று கேட்டு எழுதினேன். இதுவரை 9 பேர் சரி என்றிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். மதர் சிவப்பு நூல் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார், இன்னொரு சேலையில் 41 வெளுத்துப்போய்விட்டதாம்.