நெட்டு வரலைன்னா உடனே ரவுட்டர ஆஃப் பண்ணாதீங்க

சனிக்கிழமை சாயங்காலம். ஆபீஸ்ல நானும் வாட்ச்மேன் அண்ணனும் மட்டும்தான். சர்வர் ரூம்ல, பேக்கப்ல இருந்து ஃபைல் ஒழுங்கா திரும்ப வருதான்னு பாக்கற ரீஸ்டோர் டெஸ்ட் ஒன்னு ஓடிட்டிருக்கு, அது முடியற வரைக்கும் வீட்டுக்குப் போக முடியாது, அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சத இப்பவே எழுதிடறேன். திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில சிஸ்டம் பாத்துக்கறேன். அறுபது சொச்சம் கம்ப்யூட்டர், ரெண்டு சர்வர், ஏழெட்டு பிரிண்டர், அத்தனைக்கும் ஆள் நான் ஒருத்தன்.

இத்தன வருசத்துல ஒரு பழக்கம் வந்துருச்சு. யாராவது போன் பண்ணி "தம்பி, ஓடமாட்டேங்குது"ன்னா, நேத்து சாயங்காலத்துல இருந்து இப்ப வரைக்கும் அங்க என்னக்கா மாறுச்சுன்னுதான் மொதல்ல கேப்பேன். பதில் எப்பவும் ஒன்னுதான், "ஒன்னுமே பண்ணலீங்க தம்பி, தானா போயிருச்சு". தானா எதுவும் போகாது. ஏதோ ஒன்னு மாறியிருக்கும், அத பண்ணினவங்களுக்கே அது ஒரு விசயமா தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான்.

ஒரு திங்கக்கிழமை காலைல ஒம்பதரைக்கு பாதி ஆபீஸ்ல நெட்டு இல்ல. மெர்ச்சண்டைசர் பசங்களுக்கு மெயில் வரல, அக்கவுண்ட்ஸ்ல டேலி தொறக்கல, ஆனா கட்டிங் பக்கம் எல்லாம் ஜம்முனு ஓடுது. முதலாளி வந்து "ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணு"ங்கறார். பண்ணிருந்தா நல்லா ஓடிட்டிருந்த பாதியும் போயிருக்கும். நான் அக்கவுண்ட்ஸ் அக்கா சீட்ல உக்காந்து கமாண்ட் ப்ராம்ப்ட தொறந்து ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் போட்டேன். ஐபிங்கறது நெட்வொர்க்ல ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இருக்கிற நம்பர், எங்க ஆபீஸ்ல எல்லாம் 10ல ஆரம்பிக்கும், அங்க பாத்தா 192.168.0ல ஆரம்பிக்குது. அதே ஸ்க்ரீன்ல டிஹெச்சிபி சர்வர்னு ஒரு லைன் இருக்கும், ஐபிய குடுத்த ஆள் யாருன்னு அதுலயே தெரிஞ்சிரும். 192.168.0.1ன்னு காட்டுச்சு. அப்படி ஒரு பொட்டி எங்ககிட்ட இல்லவே இல்ல. அந்த நம்பர பிரவுசர்ல அடிச்சா வீட்டு வைஃபை ரவுட்டரோட லாகின் பக்கம் வந்து நிக்குது!

காலைல ஆன் பண்ற சிஸ்டம் "எனக்கு ஒரு ஐபி குடுங்க"ன்னு பொதுவா கூப்பிடும், மொதல்ல யாரு பதில் சொல்றாங்களோ அவங்க குடுக்கறத வாங்கிக்கும். கட்டிங்ல சனிக்கிழமை ராத்திரி ஆஃப் பண்ணாமயே போயிருந்தாங்க, பழைய ஐபிலயே இருந்ததால தப்பிச்சாங்க.

சரி, அந்த ரவுட்டர் பில்டிங்ல எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேர்ற பொட்டிதான் ஸ்விட்ச். நல்ல மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தா எந்த போர்ட்டுன்னு அதுவே சொல்லிரும். எங்ககிட்ட இருந்தது சாதா ஸ்விட்ச். அதனால லேப்டாப்ப நேரா மெயின் ஸ்விட்ச்ல சொருகி, பிங் 192.168.0.1 மைனஸ் டின்னு ஓட விட்டேன், பதில் வந்துகிட்டே இருக்கும். ஒவ்வொரு ஃப்ளோருக்கும் போற கேபிள ஒன்னொன்னா புடுங்கி ஒரு அஞ்சு செகண்ட் பாத்துட்டு திரும்பச் சொருகினேன். நாலாவது கேபிள புடுங்கினதும் பதில் நின்னுது. பேக்கிங். போய்ப் பாத்தா சூப்பர்வைசர் அண்ணன், அட்டைப்பெட்டிக்குப் பின்னால, வீட்ல சும்மா கெடந்த ரவுட்டர கொண்டாந்து சொருகி வெச்சிருக்கார். "சிக்னல் வரலீங்க தம்பி, அதான் ஞாயித்துக்கெழம வந்தப்ப மாட்டினேன்". கேபிள, வெளிய இருந்து நெட்டு வர்ற வேன் (WAN) ஓட்டைல சொருகாம, உள்ள இருக்கிற சிஸ்டங்களுக்கான லேன் (LAN) ஓட்டைல சொருகிட்டார், அது ஊருக்கே ஐபி குடுக்க ஆரம்பிச்சிருச்சு. அவரத் திட்டி என்ன பண்றது, அந்த எடத்துல சிக்னல் இல்லைன்னு அவர் ரெண்டு தடவ சொல்லியும் நான்தான் போய்ப் பாக்கல. இப்ப மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி கண்டவங்க ஐபி குடுக்காம தடுக்கற டிஹெச்சிபி ஸ்னூப்பிங் ஆன் பண்ணியாச்சு, பேக்கிங்ல வைஃபைக்கு ஒழுங்கா ஒரு ஆக்சஸ் பாயிண்டும் போட்டாச்சு.

இதுல இன்னொன்னு. ஐபி 169.254ல ஆரம்பிச்சா, கேட்டும் யாரும் குடுக்கல, சிஸ்டம் தானே ஒன்ன வெச்சுக்கிச்சுன்னு அர்த்தம். கேபிள், ஸ்விட்ச் போர்ட், டிஹெச்சிபி இந்த வரிசைல பாருங்க. ஐபி சரியா இருந்து, 8.8.8.8ங்கற கூகுள் சர்வருக்கு பிங் போகுது ஆனா எந்த சைட்டும் தொறக்கலைன்னா பெரும்பாலும் சைட் பேர ஐபியா மாத்திக் குடுக்கற டிஎன்எஸ்தான்.

அப்புறம் ரீஸ்டார்ட் கதை. "டெய்லி சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டுத்தானே போறேன்"னு சத்தியம் பண்ணுவாங்க, டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபார்மன்ஸ் போய் சிபியுவ க்ளிக் பண்ணி அப் டைம் பாத்தா 23 நாள்னு இருக்கும். அவங்களும் பொய் சொல்லல, சிஸ்டமும் பொய் சொல்லல. விண்டோஸ் 8ல இருந்தே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒன்னு இருக்கு, ஷட் டவுன் குடுத்தா விண்டோஸோட மையமான கெர்னல ஹைபர்னேட் மாதிரி டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கும், காலைல அதே பழசோட எந்திரிக்கும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் முழுசா புதுசா ஏறும். அதனால நான் ஷட் டவுன் பண்ணிப் பாருங்கன்னு சொல்றதே இல்ல, ரீஸ்டார்ட்டுன்னுதான் சொல்வேன். பாதி போன் அதோட முடிஞ்சிரும்.

பிரிண்டர் பத்தி பேசினா பீபி ஏறும், சுருக்கமா சொல்லிடறேன். கரண்ட் போயி வந்ததும் பிரிண்ட் எடுக்கலைன்னா பெரும்பாலும் அதோட ஐபி மாறியிருக்கும், எப்பவும் ஒரே ஐபி கிடைக்கற மாதிரி எல்லா பிரிண்டருக்கும் டிஹெச்சிபில ரிசர்வேசன் போட்டுருங்க. க்யூல சிக்கி டெலிட்டும் ஆகாம நின்னா சர்வீசஸ்ல பிரிண்ட் ஸ்பூலர நிறுத்திட்டு, சிஸ்டம்32ல ஸ்பூல்குள்ள பிரிண்டர்ஸ் ஃபோல்டர்ல இருக்கறத எல்லாம் அழிச்சுட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. லேசர் பிரிண்டர யூபிஎஸ்ல மட்டும் மாட்டிராதீங்க, ஒவ்வொரு தடவ சூடாகறப்பவும் அது இழுக்கற கரண்டுக்கு யூபிஎஸ் தாங்காது.

ஒரு மாசம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கு கடைசி நாள், அக்கவுண்ட்ஸ் அக்கா சிஸ்டத்துல மட்டும் எந்த சைட்ட தொறந்தாலும் கனெக்சன் பாதுகாப்பு இல்லைன்னு செவப்பா வருது. வைரஸ்னு முடிவே பண்ணிட்டாங்க. வலது பக்கம் கீழ பாத்தேன், தேதி 2015ல நிக்குது. பழைய போர்டு, முந்தின நாள் ராத்திரி ஈபி கட், உள்ள இருக்கிற வட்ட பேட்டரி, சிஆர்2032, செத்துப்போச்சு. தேதி தப்பா இருந்தா சைட்டோட சர்டிஃபிகேட்ட பிரவுசர் நம்பாது. டொமைன்ல சேர்ந்த சிஸ்டம்னா, அதாவது ஆபீஸ் சர்வர் மூலமா லாகின் ஆகறதுன்னா, சர்வர் டைமுக்கும் அதுக்கும் 5 நிமிசத்துக்கு மேல வித்தியாசம் வந்தாலே லாகின்ல மக்கர் பண்ணும். எதிர்த்த கடைல கிடைக்கிற பேட்டரி அது. அதுக்கு அரை நாள் ஃபார்மேட் பண்றவங்களயும் நான் பாத்திருக்கேன்.

சர்வர்னு வந்தா பெரும்பாலும் டிஸ்க் ஃபுல்தான். எஸ்கியூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஓடுதுன்னா, மாத்தம் எல்லாத்தையும் எழுதி வெக்கற லாக் ஃபைலப் பாருங்க, ஃபுல் ரெக்கவரி மாடல்ல வெச்சுட்டு லாக் பேக்கப் எடுக்காம விட்டா டிஸ்க்க தின்னு தீத்துரும். தயவுசெஞ்சு அந்த ஃபைல டெலிட் பண்ணாதீங்க, டேட்டாபேஸே போயிரும், லாக் பேக்கப் எடுத்துட்டு அப்புறம் சுருக்குங்க. லினக்ஸ்ல, டிஸ்க் எடத்த காட்டற டிஎஃப் கமாண்ட் போட்டா எடம் இருக்குங்குது, ஆனா எழுத விடமாட்டேங்குதுன்னா டிஎஃப் மைனஸ் ஐ போட்டு ஐநோடு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்னு வேணும், அது தீந்துச்சான்னு பாருங்க. பெரிய லாக அழிச்சும் எடம் வரலைன்னா, எந்த சர்வீசோ அத இன்னும் புடிச்சுட்டு இருக்கும், அந்த சர்வீச ரீஸ்டார்ட் பண்ணினா எடம் வந்துரும்.

டிஸ்க் ஃபுல்னு சொன்னதும் என் தப்பு ஞாபகம் வருது. ஒரு தடவ டி டிரைவ் நெறஞ்சு போச்சு, புது டிஸ்க் போட்டு டிசைன் ஃபோல்டர ஈ டிரைவுக்கு மாத்தினேன். எதுக்கும் இருக்கட்டும்னு பழைய காப்பிய டிலயே விட்டு வெச்சேன், அப்புறம் மறந்தே போச்சு. பேக்கப் டெய்லி ராத்திரி ஓடுது, காலைல பச்சை டிக்கோட மெயில் வருது, நானும் சந்தோசமா டீ குடிக்கப் போறேன். ஏழு மாசம் கழிச்சு ஒரு பையன் கைதவறி, எங்ககிட்ட ஆர்டர் குடுக்கற ஒரு பையரோட (buyer) மொத்த ஃபோல்டரையும் அழிச்சுட்டான். சர்வர் டிஸ்க் போனா காப்பாத்த, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டாவ எழுதற ரெய்டு இருக்கு, ஆனா நாம அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல அதுவும் அழிச்சிரும். பேக்கப்ப தொறந்தா எல்லாம் ஏழு மாசத்துக்கு முந்தினது. பழைய காப்பியத்தான் அது தினமும் பத்திரமா எடுத்துட்டு இருந்திருக்கு. என்ன மாறுச்சுன்னு ஊரையெல்லாம் கேக்கறவன், மாத்தினது நான்தான்! மெர்ச்சண்டைசருங்க மெயில்ல சென்ட் ஐட்டம்ஸ தோண்டி மூணு நாள்ல முக்காவாசிய எடுத்தோம், ரெண்டு ஸ்டைலுக்கு பையர்கிட்டயே திரும்பக் கேக்க வேண்டியதாப் போச்சு. முதலாளி ஒன்னும் சொல்லல, அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அதுல இருந்துதான் இந்த சனிக்கிழமை டெஸ்ட். எந்த ஃபைலுன்னு நான் முடிவு பண்றதில்ல, அக்கவுண்ட்ஸ் அக்காவ ஏதாவது ஒன்னு சொல்லச் சொல்வேன். பேக்கப் டிஸ்க் ரெண்டு இருக்கு, ஒன்னு எப்பவும் கழட்டி வேற பில்டிங்ல பீரோல இருக்கும், ஃபைல பூட்டி காசு கேக்கற ரேன்சம்வேர் வந்தா சொருகி இருக்கிற டிஸ்க்கையும் சேத்துப் பூட்டிரும்ல. அந்த பீரோ டிஸ்க்ல இருந்து ஒரு பழைய சிஸ்டத்துக்கு எடுத்து, ஃபைல தொறந்து உள்ள நம்பர் சரியான்னு பாப்பேன். இன்னிக்கு அக்கா கேட்டது போன மார்ச் மாச நூல் பில். இந்தா வந்துருச்சு, தொறக்குது, கடைசி பக்கத்துல டோட்டலும் இருக்கு. வாட்ச்மேன் அண்ணன் சாவியோட வந்து நிக்கறார், கெளம்பறேன்.