குண்டு துளைக்காத சலூன்

அப்பா ரயில்வேயில் இருந்தவர். "நாளைக்கு சலூன் வருது" என்று அவர் சொன்னால் அம்மா உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடுவாள். பெரிய அதிகாரி முடி வெட்டிக்கொள்ளத்தான் ரயிலில் வருகிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வண்டியின் கடைசியில் கோத்து வரும் அவருடைய தனிப்பெட்டிக்குத்தான் சலூன் என்று பெயர் எனப் புரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அமெரிக்காவிலும் ரயில் கம்பெனித் தலைவர்கள் இப்படி ஆளுக்கொரு பெட்டி வைத்திருந்தார்கள். பின்னால் திறந்த மேடை, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். உள்ளே படுக்கையறைகள், சாப்பாட்டு அறை, கூடவே சமையல்காரர். சொந்தப் பெட்டி இல்லாத பணக்காரர்களுக்கு புல்மன் நிறுவனம் வாடகைக்கு விட்டது. 1920களின் கடைசியில் அது கட்டிய சில பெட்டிகளுக்கு நாடுகாண் பயணிகளின் பெயர்கள். அதில் ஒன்றுதான் ஃபெர்டினாண்ட் மெகல்லன், பின்னாளில் அமெரிக்க அதிபரின் சலூன்.

இப்போது அது மயாமியில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பையனுக்கு யானை, எனக்கு மெகல்லன் என்று பேரம் பேசித்தான் போனோம்.

பார்த்தால் சாதாரணப் பச்சைப் பெட்டி. பக்கவாட்டில் 'புல்மன்' என்று மட்டும் எழுதியிருக்கும். சும்மா இல்லை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் போவது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரையே எடுத்துவிட்டார்கள். சுற்றிலும் மேலும் கீழும் 16 மில்லிமீட்டர் நிக்கல் எஃகுத் தகடு. ஜன்னல் கண்ணாடி மூன்று அங்குல கனம். பின்கதவு வங்கிப் பெட்டகக் கதவு மாதிரி. தப்பிக்க இரண்டு வழிகள். அதில் ஒன்று அதிபரின் குளியலறையில்! ரூஸ்வெல்ட்டின் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கப் பின்மேடையில் மின்தூக்கி. டன் கணக்கில் ஐஸ் ஏற்றித்தான் உள்ளே குளுகுளுவென்று வைத்திருந்தார்களாம்.

அப்புறம் அடுத்த அதிபர் ட்ரூமன் வந்தார். 1948 தேர்தலில் ஊர் ஊராக வண்டியை நிறுத்தி, இதே பின்மேடையிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட முறை பேசினார். அவர் தோற்றதாக சிகாகோ டிரிப்யூன் அவசரப்பட்டு அச்சடித்த தாளைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம் இருக்கிறதே, செயின்ட் லூயிஸில் அவர் நின்றது இந்த மேடையில்தான். ரூஸ்வெல்ட்டுக்கு மெதுவாகப் போனால்தான் பிடிக்கும். இவருக்கு மணிக்கு 80 மைல் வேண்டும். ஐசன்ஹோவர் காலத்தில் விமானம் வந்துவிட்டது, 1958இல் பெட்டிக்கு ஓய்வு. 1984இல் அதிபர் ரீகன் ஒரே ஒரு நாள் ஒஹையோவில் இதில் பயணம் செய்தார்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். அதிபர்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எடை எவ்வளவுடா?"

"நம்ம கணக்கில் 129 டன்."

"எத்தனை அச்சு?"

நல்லவேளை, எண்ணியிருந்தேன். "அடியில் ரெண்டு சக்கரச் சட்டம், ஒவ்வொண்ணுக்கும் மூணு. மொத்தம் ஆறு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒரு அச்சுக்கு இருபத்தொண்ணரை. நம்ம ஸ்லீப்பர் கோச் மொத்தமே நாற்பது வராதேடா. அந்த ஊர்ப் பாலமெல்லாம் எப்படித் தாங்குச்சு?"